மலை மேல பத்து நாள் பௌத்த கோர்ஸ்: உரசிப் பாத்தவன் எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், நான் சாமியார் டைப் எல்லாம் இல்லைங்க. எங்கப்பா பத்தரு, கோயம்புத்தூர் டவுன் ஹால் பக்கம் சின்னதா பட்டறை வச்சிருந்தாரு, நான் ஒரு பேங்க்ல நகைக்கடனுக்கு வர்ற நகைய உரசிப் பாத்து மதிப்பு போடற வேலைல இருக்கேன். பத்தரை மாத்துன்னு சத்தியம் பண்ணி கவுன்ட்டர்ல வைப்பாங்க, 916 முத்திரை கூட இருக்கும், உள்ள பாத்தா அரக்கு. இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிருச்சு. அதனால "எல்லாருக்குள்ளயும் புத்தர் இருக்காரு, நீங்க எல்லாரும் தங்கம்"னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு கை தானா உரைகல்லத் தேடும்.

போனது கூட ஆசைப்பட்டுப் போகல. என் மச்சான் பெங்களூர்ல ஐடில இருக்கான், அவன் தான் தரம்சாலா பக்கம் ஒரு திபெத்திய பௌத்த மையத்துல பத்து நாள் தங்கிப் படிக்கிற கோர்ஸுக்கு பணம் கட்டி வச்சிருந்தான், கடைசி நேரத்துல ஆபீஸ்ல லீவு இல்லைன்னுட்டாங்க, கட்டின பன்னெண்டாயிரம் திரும்ப வராது, ஆனா ஆளை மாத்திக்கலாம்னு சொன்னாங்களாம், "மாமா நீங்க போயிட்டு வாங்க, உங்களுக்கும் பிபி இருக்கு"ன்னான். பிபிக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டுகிட்டே கெளம்பிட்டேன். மையத்தோட பேரை எழுதல, ஏன்னு கீழ படிச்சா புரியும்.

கோர்ஸ் தலைப்பு திபெத்திய மொழில "தெஷெக் ஞிங்போ". சம்ஸ்கிருதத்துல ததாகத கர்ப்பம். அதாவது ஒவ்வொரு உயிருக்குள்ளயும் புத்தராகறதுக்கான கரு இருக்குன்னு மகாயான பௌத்தத்துல சொல்ற போதனை. மனுசன் மட்டும் இல்ல, உயிர்னு இருக்கற எல்லாத்துக்கும்.

எடத்தைப் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். டெல்லில இருந்து ராத்திரி பஸ்சு, வளைவுல வயித்தைப் பொரட்டும், எலுமிச்சம்பழம் கைல வச்சுக்கங்க. ரூமுக்கு நாலு பேரு, என் கட்டிலுக்கு எதுத்தாப்ல படுத்தவரு விடிய விடிய கொறட்டை. அக்டோபர் மாசம் குளிரு எலும்புக்குள்ள போகுது, வென்னீர் காலைல ஆறு மணிக்குள்ள போனா உண்டு, ஆறே காலுக்குப் போனா ஐஸ் தண்ணி தான். சாப்பாடு சைவம், துக்பான்னு ஒரு நூடுல்ஸ் சூப்பு நல்லா இருந்துச்சு, டிங்மோன்னு ஒரு ஆவில வெந்த ரொட்டி நம்ம இட்லிக்கு தூரத்து சொந்தம் மாதிரி இருக்கு, பருப்போட தொட்டு சாப்பிட்டா எறங்குது. உப்புப் போட்ட வெண்ணெய் டீ மட்டும் எனக்கு ஒத்து வரல, டீன்னு நெனைக்காம சூப்புன்னு நெனைச்சுக் குடிங்கன்னு ஒரு மலையாளி சேச்சி ஐடியா குடுத்தாங்க, அப்பவும் எறங்கல. போனை மொத நாளே வாங்கி வச்சுகிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் பேசக்கூடாது. இது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பாடம் எடுத்தது ஒரு வயசான கெஷே. கெஷேங்கறது அவங்க மடத்துப் படிப்புல டாக்டர் பட்டம் மாதிரி, இருபது வருஷத்துக்கு கிட்ட ஆகும் முடிக்க. அவரு திபெத்திய மொழில சொல்ல சொல்ல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லும். மொத க்ளாஸ்லயே அவரு சொன்ன விஷயம் தான் என்னை உக்கார வச்சுது. புத்தர் சொன்னதா ஒரு செய்யுள் இருக்காம், எட்டாம் நூற்றாண்டுல சாந்தரட்சிதர் எழுதின நூல்லயும் வருது: தங்கத்தை தட்டான் எப்படி காய்ச்சி, வெட்டி, உரசிப் பாத்து எடுத்துக்குவானோ அந்த மாதிரி என் பேச்சையும் சோதிச்சுட்டு எடுத்துக்கங்க, என் மேல இருக்கற மரியாதைக்காக எடுத்துக்காதீங்க. யோவ், எங்க குலத் தொழிலை வச்சே ஆரம்பிச்சுட்டாங்களேன்னு நிமிந்து உக்காந்தேன். சரி, சொல்லு பாப்போம், உரசியே பாத்துடறேன்னு நோட்டைத் தொறந்தேன்.

அடுத்தது ஒரு வார்த்தை விளக்கம். புத்தருக்கு திபெத்திய மொழில சாங்கேன்னு பேரு. ரெண்டு துண்டா பிரிச்சா சாங்னா அழுக்கு நீங்கறது, கேன்னா விரியறது, மலர்றது. புதுசா எதையும் கொண்டாந்து ஒட்டறது இல்ல, மேல இருக்கறது போனா உள்ள இருக்கறது விரியுது, அவ்ளோதான்னாரு. அவ்ளோதானா? அப்பறம் எதுக்கு பத்து நாளு?

மூணாவது நாள்ல இருந்து ஆறாவது நாள் வரைக்கும் ஒன்பது உவமை. ததாகதகர்ப்ப சூத்திரம்னு புத்தர் சொன்னதா வர்ற ஒரு சின்ன நூல், கிபி 420 வாக்குல புத்தபத்திரர்ங்கறவரு சீன மொழிக்கு கொண்டுபோன மொழிபெயர்ப்பு இன்னைக்கும் இருக்கு. அதுல வர்ற ஒன்பது உவமைய ரத்னகோத்ரவிபாகம்னு ஒரு நூல் எடுத்து விரிச்சு சொல்லுது, திபெத்துக்காரங்க அதை மைத்ரேயர், அதாவது அடுத்து வரப்போற புத்தர், அருளினதுன்னு வச்சு மனப்பாடம் பண்றாங்க. வாடிப்போன தாமரைக்குள்ள புத்தர் உருவம், தேனீக் கூட்டத்துக்கு நடுவுல தேன், உமிக்குள்ள அரிசி, அழுக்குல விழுந்த தங்கம், ஏழை வீட்டுத் தரைக்கு அடில புதையல், பழத்துக்குள்ள வெத, கந்தல் துணி சுத்தின சிலை, அனாதையா நிக்கற ஏழைப் பொம்பளை வயித்துல சக்கரவர்த்தி, களிமண் அச்சுக்குள்ள தங்கச் சிலை. இதை சும்மா அழகுக்கு அடுக்கலைங்க. தாமரை மொதல்ல கண்ணுக்கு நல்லா இருக்கும் அப்பறம் வாடிரும், அதனால அது ஆசைக்கு. தேனீ கொட்டும், அதனால அது கோவத்துக்கு. உமி மூடி வச்சு உள்ள இருக்கறதைப் பாக்க விடாது, அதனால அது அறியாமைக்கு. ஒவ்வொண்ணுக்கும் இப்படி கணக்கு இருக்கு.

நாலாவது உவமை எனக்குன்னே எழுதின மாதிரி. வழில போற ஒருத்தன் கைல இருந்த தங்கம் நழுவி குப்பையும் அழுகலும் கெடக்கற எடத்துல விழுந்துருது. நூறு நூறு வருஷமா அங்கயே கெடக்கு, ஆனா அதோட கொணம் மாறல. தெய்வக் கண்ணு இருக்கற ஒருத்தரு வர்ற ஆள்கிட்ட, இங்க தங்கம் இருக்குப்பா, எடுத்து சுத்தம் பண்ணுன்னு காட்டிக் குடுக்கறாரு.

எங்க தெருவுல இதைத் தெனமும் பாக்கலாம்ங்க. விடிகாலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி சில பேரு தொடப்பமும் சட்டியும் எடுத்துகிட்டு வருவாங்க, பட்டறை வாசல் மண்ணு, சாக்கடை ஓரத்து சேறு எல்லாத்தையும் கூட்டி அள்ளிட்டுப் போவாங்க. அரம் போடறப்ப தெறிக்கிற அரப்பொடி கால்ல ஒட்டி, கழுவுற தண்ணில கலந்து வெளிய போயிருமில்ல, அதுக்காக. சட்டில போட்டு அலசி அலசி, பாதரசம் விட்டு உருட்டுனா பொடி எல்லாம் அதுல ஒட்டிக்கும், அப்பறம் சூடு காட்டினா ரசம் ஆவியாப் போயி குண்டுமணி அளவுக்கு மஞ்சளா நிக்கும். ஒடம்புக்குக் கெடுதல் தான், ஆனா அதுல குடும்பம் நடத்துறவங்க இருக்காங்க. எங்கப்பா வாசல்ல வந்து கூட்டுறவங்களை தொரத்த மாட்டாரு. நானு சின்ன வயசுல மூக்கைப் பொத்திகிட்டு நிப்பேன். அந்த சேத்தைப் பாத்தா உங்களுக்கும் எனக்கும் சேறு, அவங்க கண்ணுக்கு மட்டும் அது சேறு இல்ல. கெஷே அந்த உவமையச் சொன்னப்ப மத்தவங்க எல்லாம் கவித்துவமா தலையாட்டுனாங்க, எனக்கு சாக்கடை வாசமே வந்துருச்சு.

ஆனா உரசிப் பாக்க வந்தவன் சும்மா இருக்க முடியுமா. கேள்வி நேரத்துல எழுந்து கேட்டேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல: சேத்துல எல்லாத்துலயும் தங்கம் இருக்காது சாமி, வெறும் சேறும் உண்டு, சில மனுசங்களைப் பாத்தா அடி வரைக்கும் கோவமும் பொறாமையும் தான், உள்ள தங்கம் இருக்குன்னு நீங்க எதை வச்சு சொல்றீங்க? கெஷே சிரிச்சாரு. கரியக் கழுவினா வெளுக்குமான்னு கேட்டாரு. வெளுக்காது. அழுக்கு வேட்டியக் கழுவினா? வெளுக்கும். ஏன்னா கரிக்கு கருப்பு சொபாவம், வேட்டிக்கு அழுக்கு வந்து சேந்தது. கோவம் மனசோட சொபாவமா இருந்தா நீ தூங்கறப்பவும் சாப்படறப்பவும் கொழந்தையத் தூக்கறப்பவும் கோவமாவே இருக்கணும், இருக்கியா? கோவத்துக்கு காரணம் வேணும், காரணம் போனா அது போயிரும், ஆனா அறியற தன்மை மட்டும் கோவத்துலயும் இருக்கு, கோவம் போன பின்னாடியும் இருக்கு. பாலி மொழில இருக்கற பழைய பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்துலயே ஒரு வரி இருக்காம், இந்த மனசு ஒளியுள்ளது, வெளில இருந்து வந்த மாசுகளால அழுக்காச்சுன்னு. அந்த மாசுக்கு அங்க போட்டிருக்கற சொல்லு ஆகந்துகம். வந்தவன், விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரன் ஆகமாட்டான்னாரு. எனக்கு வந்த சில விருந்தாளிங்க ஆயிட்டாங்கன்னு சொல்ல வந்தேன், சொல்லல.

இந்த பதில் ஓரளவுக்கு நின்னுச்சு, முழுசா இல்ல. அதுக்கும் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதை நான் கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே எடுத்தாங்க, இந்த கோர்ஸுக்கு நான் மார்க்கு குடுக்கறதே அதுக்குத்தான். ஒன்பது உவமையும் ஒண்ணையே சொல்லலைங்க. தங்கம் ஏற்கனவே தங்கம், தொடச்சா போதும். வெத அப்படி இல்ல, மாங்கொட்டைய கழுவி கழுவி வச்சா மரம் ஆகாது, மண்ணு வேணும் தண்ணி வேணும் வருஷம் வேணும். அப்ப உள்ள இருக்கறது முழுசா ஆயிட்ட புத்தரா, இல்ல ஆகறதுக்கான தகுதியா? இதுல திபெத்துக்குள்ளயே அறுநூறு வருஷத்துக்கு மேல சண்டை. தொல்போபான்னு ஒரு பெரியவரு, 1292ல இருந்து 1361 வரைக்கும் வாழ்ந்தவரு, ஜோனாங் மரபு, அவரு தங்கம் கட்சி. புத்த குணம் எல்லாம் ஆதிலயே முழுசா இருக்கு, இல்லாதது மேல இருக்கற மாசு மட்டும் தான்னுட்டாரு. இந்தப் பக்கம் கெலுக் மரபு, தலாய் லாமா மரபு, 1357ல பொறந்த சோங்கபா ஆரம்பிச்சு வச்சது. அவங்க, மனசுக்கு நெரந்தர சொபாவம்னு ஒண்ணு இல்லாம இருக்கறதே தான் அது மாற முடியும்ங்கறதுக்கு ஆதாரம், அதுதான் புத்த கரு, உள்ள ஒரு புத்தர் ரெடியா உக்காந்திருந்தா அவரு ஏன் இன்னும் உன்னை கடனுக்கு அடகு வைக்க அலைய விடறாருன்னு கேப்பாங்க. (அடகு உதாரணம் எனக்காக கெஷே போட்டது.) நம்ம கெஷே கெலுக்காரரு, இருந்தும் ரெண்டு பக்கத்தையும் ஒரே பலத்தோட வச்சாரு. நடுவுல ஒரு மத்தியானம் லீவு விட்டாங்க, கீழ பெரிய கோயிலுக்குப் போனோம், அங்க முத்தத்துல துறவிங்க வாதம் பண்றதப் பாத்தேன். ஒருத்தர் உக்காந்திருப்பாரு, இன்னொருத்தர் நின்னுகிட்டு காலைத் தூக்கி ஓங்கி மிதிச்சு கையத் தட்டி கேள்வி கேப்பாரு, ஏலக்கடை மாதிரி சத்தம். அதைப் பாத்ததும் எனக்கு இவங்க மேல மரியாதை கூடிருச்சு. நம்பிக்கையா விக்காம, அடிச்சுப் பாத்து விக்கறாங்க.

ஒன்பதாவது உவமைல ஒரு வேடிக்கை. மொழிபெயர்த்த பொண்ணுக்கு களிமண் அச்சு, வார்ப்புன்னு வந்தப்ப தலை சுத்திருச்சு, சிலைக்குள்ள களிமண்ணா களிமண்ணுக்குள்ள சிலையான்னு கூட்டமே கொழம்பிருச்சு. நான் எழுந்து, மெழுகுல உருவம் பண்ணி, மேல மண்ணு பூசி, சூடு பண்ணி மெழுக உருக்கி வெளிய எடுத்துட்டு, அந்த ஓட்டைல உலோகத்த ஊத்துவோம்னு கையாலயே காட்டினேன், சுவாமிமலைல சாமி சிலை இன்னைக்கும் அப்படித்தான்னேன். வெளிய பாத்தா கருப்பா அசிங்கமா ஒரு மண்ணு உருண்டை தான் இருக்கும். எங்கப்பா அதை ஒடனே ஒடைக்க விடமாட்டாரு, சூடு ஆறாம ஒடைச்சா உள்ள வார்ப்பு கெட்டுரும்பாரு, துணி போத்தி வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. இதையும் சொன்னேன். அந்தப் பொண்ணு திபெத்திய மொழில அவருக்கு சொன்னதும் கெஷே ரெண்டு தடவை "ஆறணும், ஆறணும்"னு ஏதோ சொல்லிட்டு பக்கத்துல இருந்த சின்ன துறவிகிட்ட எழுதிக்கச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு டிங்மோ எக்ஸ்ட்ரா கெடைச்சுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு தெரியல.

கூட இருந்தவங்கள்ல நாக்பூர்க்காரரு ஒருத்தர் மறக்கவே முடியாதவரு. அவரு தாத்தா 1956 அக்டோபர் 14 அன்னைக்கு நாக்பூர்ல அம்பேத்கரோட சேந்து தீட்சை எடுத்த லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தரு. ரத்னகோத்ரவிபாகம்ங்கற பேரக் கேட்டதுமே அவரு முகம் மாறிருச்சு, கோத்திரத்தை விட்டு ஓடி வந்தவங்க நாங்க, இங்கயும் கோத்திரமான்னு நேராவே கேட்டாரு. ஹாலே அமைதி. கெஷே பொறுமையா சொன்னாரு, கோத்திரம்னா குலம்னும் அர்த்தம், சுரங்கம்னும் எடுக்கலாம், ரத்தின கோத்திரம்னா ரத்தினம் வெளையற சுரங்கம், இந்த நூல் சொல்றது எல்லாருக்கும் ஒரே கோத்திரம் தான், அது புத்தரோட கோத்திரம், நீங்க பொறந்த வீடு எதுன்னு அது கேக்கல. நாக்பூர்க்காரரு ஒரு நிமிஷம் நோட்டையே பாத்துகிட்டு இருந்துட்டு, அப்ப இதை பேர்ல சொல்றதை விட ஊர்ல செஞ்சு காட்டுங்கன்னு சொல்லி உக்காந்துட்டாரு. மொழிபெயர்த்த பொண்ணு அதை முழுசா மொழிபெயர்க்கலைன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அதே நாள்ல சேச்சி ஒரு கேள்வி கேட்டாங்க, எல்லாருக்குள்ளயும் அழியாத ஒண்ணு இருக்குன்னா அது எங்க ஊர்ல ஆன்மான்னு சொல்றது தானே, பாலுக்குள்ள நெய் மாதிரின்னு. பாலுக்குள்ள நெய் உவமை நம்மூர் ஓதுவார்கிட்டயே கேட்டது தான், திபெத்துல பன்னெண்டாம் நூற்றாண்டுல இருந்த கம்போபாங்கற குருவும் பாலுல வெண்ணெய், கடுகுல எண்ணெய்னு எழுதியிருக்காராம். இந்தக் கேள்விய லங்காவதார சூத்திரம்ங்கற மகாயான நூல்லயே மகாமதிங்கறவரு புத்தர்கிட்ட கேட்டுட்டாரு. பதில்: இது ஆன்மா இல்ல, நான்னு ஒண்ணு இல்லைன்னு கேட்டா பயப்படறவங்களுக்காக இப்படி சொல்லி வச்சது, ஒரே களிமண்ணுல குயவன் பல பானை பண்றாப்புல ஒரே விஷயத்தை பல பேர்ல சொல்றது. சேச்சிக்குத் திருப்தி இல்ல. எனக்கும் பாதி தான். இலங்கை, தாய்லாந்து பக்கம் இருக்கற தேரவாத பௌத்தக்காரங்க இந்த புத்த கரு பேச்சையே எடுத்துக்கறது இல்லைங்கறதையும் கோர்ஸ் நடத்துனவங்க மறைக்காம சொன்னாங்க.

எட்டாவது நாள் தாவோஷெங் கதை. சீனாக்காரரு, அஞ்சாம் நூற்றாண்டு. அப்ப அவங்க கைல இருந்த நிர்வாண சூத்திரம் பாதி தான், அதுல இச்சந்திகர்ங்கறவங்க, அதாவது நல்லதுக்கு வேரே அறுந்து போனவங்க, புத்தராக முடியாதுன்னு இருந்துச்சு. இவரு, இல்லை அவங்களும் ஆகலாம்னாரு. சூத்திரத்துக்கு எதிரா பேசறியான்னு சங்கத்தை விட்டே வெளிய தள்ளிட்டாங்க. கேக்க ஆள் இல்லாம மலைல கல்லுங்களைப் பாத்துப் போதிச்சாராம், கல்லுங்க தலையாட்டுச்சுன்னு கதை. அப்பறம் தர்மக்ஷேமர் மொழிபெயர்த்த முழு சூத்திரம் தெக்க வந்து சேந்துச்சு, பாத்தா அவரு சொன்னதே தான் அதுல இருக்கு. 434ல எறந்தாரு, அதுக்குள்ள மரியாதையா திரும்பக் கூப்பிட்டுகிட்டாங்க. பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே மாத்து சொன்ன ஆளு. எங்க தொழில்ல இப்படி கண்ணாலயே மாத்து சொல்ற பெரியவங்க ஒண்ணு ரெண்டு பேரு உண்டு.

இப்ப கொறை. ஒன்பதாவது நாள் காலைல தாமரை சூத்திரத்துல வர்ற சதாபரிபூதர்ங்கற துறவியோட கதை எடுத்தாங்க. யாரைப் பாத்தாலும் கும்பிட்டு, உங்களை நான் கொறைவா நெனைக்க மாட்டேன், நீங்க எல்லாம் புத்தராகப் போறவங்கன்னு சொல்லுவாரு. சனங்க கடுப்பாகி கம்பாலயும் கல்லாலயும் அடிப்பாங்க. அவரு தூரமா ஓடிப் போய் நின்னுகிட்டு அங்க இருந்தும் அதையே கத்துவாராம். எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த ஓடிப்போறது தான், அடி வாங்கி நிக்கல பாருங்க. சரி, க்ளாஸ் முடிஞ்சு வெளிய வர்றோம், கேட்டுக்குப் பக்கத்துல இருந்த பெஞ்சுல கேஸ் சிலிண்டர் சொமந்து ஏறி வந்த ஒரு நேபாளி பெரியவரு வேர்வையோட உக்காந்திருந்தாரு. ஆபீஸ்ல இருக்கற ஆளு வந்து, இது கோர்ஸுக்கு வந்தவங்களுக்கு போட்ட பெஞ்சு, எழுந்திருன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாரு. பெரியவரு ஒண்ணும் பேசாம எழுந்து கல்லு மேல போய் உக்காந்தாரு. நாங்க நாப்பது பேரு, புத்த கருவ இத்தனை நாளா நோட்டு நோட்டா எழுதினவங்க, ஒருத்தர் வாயத் தொறக்கல. நானும் தான். நாக்பூர்க்காரரு மட்டும் போய் அந்தக் கல்லு மேல அவரு பக்கத்துல உக்காந்தாரு. பேரு போடாம எழுதறதுக்கு இதான் காரணம், ஒரு ஆளு பண்ணதுக்கு கெஷேவோட பாடத்தை சேத்து அடிக்க வேண்டாம்னு. கருத்துப் படிவத்துல எழுதிட்டு வந்தேன், பதில் வரல. ஒரு உண்மையச் சொல்லணும்னா நானும் கவுன்ட்டர்ல நகைய வாங்கறதுக்கு முன்னாடி ஆளோட செருப்பைப் பாக்கறவன் தான்.

மத்த கொறை சின்னது. தியானம்னு காலைல ஒரு மணி நேரம் உக்கார வைக்கறாங்க, முட்டி வலிக்கு நாற்காலி கேட்டா மூணாவது நாள் தான் வருது. மொழிபெயர்ப்பு வேகம் அதிகம், இங்கிலீஷ்ல கொஞ்சம் கூட பழக்கம் இல்லைன்னா திணறிடுவீங்க. வாசல் கடைல தம்ளர் சைஸ் பாடும் கிண்ணத்துக்கு (தட்டினா ரீங்காரம் வர்ற உலோகக் கிண்ணம்) சொன்ன வெலைக்கு நான் தட்டிப் பாத்தேன், பித்தளை கலப்பு, ஏழு உலோகம்னு சொன்னது சும்மா.

அஞ்சுக்கு பாடத்துக்கு நாலரை, கெஷேவுக்கு அஞ்சு, தங்கற வசதிக்கு ரெண்டு, ஆபீஸுக்கு ஒண்ணு. மன நிம்மதி வேணும்னு போறவங்களுக்கு இது சரிப்படாது, மண்டையக் கொடையற கோர்ஸ் இது. கேள்வி கேக்கற பழக்கம் இருந்தா போங்க. ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், சொந்தமா ஒரு ஊறுகாய் பாட்டில், காதுக்கு பஞ்சு கண்டிப்பா வேணும். புக் பண்றதுக்கு முன்னாடி லீவு கெடைக்குமான்னு பாத்துக்கங்க, காசு திரும்ப வராது, வேணும்னா ஒரு மாமாவத் தயாரா வச்சுக்கங்க.